ஹெட்லைட் பல்பு அடிக்கடி போகிறதா? பழியைப் பல்பின் மேல் போடாதீர்கள்

"போன மாசம்தான் மாத்தினேன், மறுபடியும் போயிடுச்சு." பழைய கார் வைத்திருப்பவர்கள் பலரும் இப்படிப் புலம்புவதைக் கேட்கலாம். நல்ல ஹாலஜன் பல்பு இரண்டு மூன்று மாதத்தில் போகக்கூடிய பொருள் இல்லை. அப்படிப் போனால் வண்டியில் எங்கோ ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேடாமல் பல்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பெரிய தவறு.

அடுத்த தவறு, போன பல்பைப் பார்க்காமலேயே தூக்கிப் போடுவது. மாருதி 800 காலத்துக் கார்களில் பெரும்பாலும் எச்4 பல்புதான் இருக்கும். மூன்று கால், உள்ளே இரண்டு இழை. ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். கழற்றியதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாவு படிந்த மாதிரி இருந்தால், எங்கோ விரிசல் விட்டுக் காற்று உள்ளே போயிருக்கிறது. ஒரே இடத்தில் பால் நிறமாகி லேசாக உப்பியிருந்தால், மாட்டும்போது கை பட்ட இடம் அது. கண்ணாடி பளிச்சென்று இருந்து இழை மட்டும் அறுந்து தொங்கினால் குலுக்கலைச் சந்தேகப்படலாம். இழையின் முனை குண்டூசித் தலை மாதிரி உருகியிருந்து கண்ணாடியும் கறுத்திருந்தால் பல்புக்கு வயதாகிவிட்டது. புதுப் பல்பே அப்படி ஆகியிருந்தால் வோல்டேஜ் அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எப்போதும் ஒரே பக்கத்துப் பல்புதான் போகிறதா, இரண்டு பக்கமுமா? ஒரு பக்கம் மட்டும் என்றால் கோளாறு அந்த லைட்டிலேயே இருக்கும்: தண்ணீர், ஆட்டம், கப்ளர் (பல்பின் கால்கள் செருகும் பிளக்). இரண்டும் மாறி மாறிப் போனால், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டும்.

வோல்டேஜைப் பலர் சோதிப்பதே இல்லை. சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடும்போது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை சரி. 15-ஐத் தொட்டால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். அரை வோல்ட் கூடினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வோல்டேஜ் 5 சதவீதம் ஏறினாலே ஹாலஜன் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பழைய வண்டியில் ரெகுலேட்டர் நன்றாக இருந்தும் இது நடக்கலாம். அது வோல்டேஜைப் பார்க்கும் ஒயரிலோ அதன் எர்த்திலோ (வண்டியின் உடலோடு சேரும் இணைப்பு) துரு பிடித்திருந்தால், இருப்பதைவிடக் குறைவாகத் தெரிந்து, ஆல்டர்னேட்டரை இன்னும் தள்ளச் சொல்லும். அதனால் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொன்னால், முதலில் இந்த இணைப்புகளைச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பேட்டரி விலகிய நொடியில் வோல்டேஜ் எகிறும். பல்போடு சேர்ந்து வண்டியில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸும் போகலாம். டெர்மினல் லூஸாக இருந்தாலும் ஓட்டத்தில் அதே ஆபத்துதான்.

சரி, வெளிச்சம் மங்கலாக இருக்கிறது என்று 100/90 வாட் பல்பு போடுபவர்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் இது தீ விபத்து வரை போகக்கூடியது. 60 வாட் பல்பு 12 வோல்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல். பல வருடம் ஓடிய ஒயரும் சுவிட்ச்சும் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல. கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்: வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு துளை மட்டும் இளகி விரிந்திருக்கும், உள்ளே பித்தளை கறுத்திருக்கும். அந்தக் கப்ளரில் எந்தப் பல்பை மாட்டினாலும் தொடர்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும், சூடு ஏறும். இதற்குப் பிறகு ஃபியூஸ் போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதோ, கம்பி சுற்றி விடுவதோ கூடவே கூடாது.

மங்கலுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் வழியில் தொலையும் வோல்டேஜ்தான். லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைக் கப்ளரின் எர்த் காலிலும் வையுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளில் தேய்த்து இறுக்கினாலே பல வண்டிகளில் வெளிச்சம் திரும்பிவிடும். அப்புறமும் போதவில்லை என்றால் ரிலே (பேட்டரியிலிருந்து நேராக லைட்டுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) வைத்த ஒயரிங் கிட்டும் செராமிக் கப்ளரும் போட்டு, 60/55 பல்பையே எரியவிடுங்கள். அதிக வெளிச்சம் தரும் என்று விற்கும் ரகங்கள் ஆயுளைக் கொடுத்துத்தான் வெளிச்சத்தை வாங்குகின்றன. அடிக்கடி போகிறது என்று புலம்புபவருக்கு அவை ஏற்றவை அல்ல.

மாட்டும்போது கண்ணாடியைத் தொடாதீர்கள். உலோக அடிப்பகுதியைப் பிடியுங்கள். கை பட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மாட்டலாம். கம்பி கிளிப் "டக்" என்று உட்கார வேண்டும். அது தளர்ந்திருந்தாலோ, லைட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் காது உடைந்திருந்தாலோ, ஒவ்வொரு வேகத்தடையும் இழையைத்தான் அடிக்கும். பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியையும் தடவிப் பாருங்கள். வெயிலில் விறைத்துக் கிழிந்த மூடி வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போய், சூடான கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தாலே விரிசல்தான். மலிவான சாமான், அதனால்தான் யாரும் மாற்றுவதில்லை.

ஒரு பக்கம் போனால் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது, அடுத்ததும் அதே அளவு ஓடியதுதானே. எரிந்துகொண்டிருந்த பழையதை அட்டைப்பெட்டியில் போட்டு டாஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள், இரவுப் பயணத்தில் ஒன்று போனால் உதவும்.