பூனைக்குட்டிக்குப் பூச்சி மருந்து: எப்போது, எவ்வளவு, எப்படி

வீட்டை விட்டு வெளியே போகாத குட்டிக்கு வயிற்றில் புழு எப்படி வரும்? பெரும்பாலும் தாய்ப்பாலில்தான். உருண்டைப்புழுவின் லார்வாக்கள் (இளம்புழுக்கள்) தாயின் உடம்பில் அடங்கிக் கிடந்து, பாலோடு குட்டிக்குள் போகும். அதனால் 3 வாரத்திலேயே மருந்தைத் தொடங்குங்கள். தாய்க்கும் அன்றே கொடுங்கள்.

ஒரு வேளை மருந்து போதவே போதாது. அது குடலில் இருக்கும் புழுவைத்தான் வெளியேற்றும், உடம்புக்குள் சுற்றும் லார்வாவைத் தொடாது. 3, 5, 7, 9 வாரங்களில் ஒவ்வொரு வேளை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை.

சின்னக் குட்டிக்கு ஏற்றது பைரன்டல் பமோயேட் சிரப். வழக்கமான அளவு கிலோவுக்கு 10 மி.கி. சமையலறைத் தராசில் டப்பா வைத்துக் குட்டியை எடை போடுங்கள். 500 கிராம் குட்டிக்கு 5 மி.கி.; மில்லிக்கு 50 மி.கி. உள்ள சிரப் என்றால் 0.1 மில்லி. செறிவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் என்பதால் லேபிளைப் பார்த்து, கணக்கைக் கால்நடை மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்ச் எடுங்கள். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம்: சிலவற்றில் 40 யூனிட் ஒரு மில்லி, சிலவற்றில் 100 யூனிட். மாற்றிப் படித்தால் அளவு இரண்டரை மடங்கு பிசகும்.

மருந்து அடியில் படியும், பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் கெட்டி மருந்தும் போகும். குட்டியின் தலையை அண்ணாத்தாமல், கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தொண்டையில் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். மறுநாள் மலத்தில் வெள்ளைப் புழுக்கள் வந்தால் பயப்பட வேண்டாம்.

ஆசனவாயைச் சுற்றி அரிசிமணிபோல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. பைரன்டல் கேட்காது, பிராசிகுவான்டல் வேண்டும். இது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாகத் தொற்றுவதால், அதை ஒழிக்காவிட்டால் திரும்ப வரும். தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைத் தடவிவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

பூச்சி மருந்து கொடுத்தும் கழிச்சல் நிற்கவில்லையா? குடலில் வாழும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகளான காக்சிடியா அல்லது ஜியார்டியாவாக இருக்கலாம். அன்றைய மலத்தை மூடிய டப்பாவில் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். ஈறு வெளிறி, மலம் தார்போலக் கறுத்தால் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் குட்டிக்கு வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

மலத்தட்டைத் தினமும் அள்ளுங்கள். உருண்டைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர வாரக்கணக்கு ஆகும், காக்சிடியாவுக்கு ஓரிரு நாளே போதும். பிளீச்சுக்கு அந்த முட்டைகள் அசையாது. தட்டைக் கழுவிய பின் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். உருண்டைப்புழு மனிதருக்கும் தொற்றும், குட்டியோடு விளையாடும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.