எழுத வராத பிள்ளைக்கு ஒரு செல்போன் போதும்

வாயால் கேட்டால் கதையை அழகாகச் சொல்லும் பிள்ளை, நோட்டில் இரண்டு வரி எழுதத் திணறினால் முதலில் அவனைச் சோம்பேறி என்று சொல்வதை நிறுத்துங்கள். அது கற்றல் குறைபாடாக இருக்கலாம்; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே அது இடம்பெற்றிருக்கிறது.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் ஜிபோர்டு கீபோர்டைப் போட்டு, மொழியில் தமிழைச் சேர்த்து, மைக்கைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள்; பேசுவது திரையில் எழுத்தாக வரும். வகுப்பு இரைச்சலில் அது தப்பும் தவறுமாக எழுதும், அதனால் வராந்தாவின் ஓரத்தில் உட்காரவைத்து, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சொல்லவையுங்கள். "மரத்துல பழம் இருந்துச்சு" என்றே சொல்லட்டும், பேச்சை அப்போதே திருத்தாதீர்கள். திரையில் வந்ததை நீங்கள் வாசித்துக் காட்டி, "மரத்தில் பழம் இருந்தது" என்று அவனோடு சேர்ந்து மாற்றுங்கள். பழமா, பளமா என்று அவனே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பாருங்கள்! அப்புறம் அந்த வரியை நோட்டில் எழுதட்டும்.

வாசிக்கத் திணறுபவர்களுக்கு, போனின் அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில், திரையில் தொட்ட எழுத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் 'செலக்ட் டு ஸ்பீக்' இருக்கிறது. வேகத்தைக் குறைத்து வையுங்கள், காது கேட்கிற சொல்லை விரல் தொட்டுக்கொண்டே வரவேண்டும். ஹெட்போன் கட்டாயம், மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால் அவன் மறுபடி போனைத் தொடவே மாட்டான்.