பகடை விதிகளை வீடியோ கேமுக்குள் கொண்டுவருவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஒரு டேபிள்டாப் ஆட்டத்தை வீடியோ கேமாக்க நினைக்கிறீர்களா? கோட் எழுதுவதற்கு முன்னால் ஆட்கள் ஆடும் ஒரு மேசைக்குப் போய் உட்காருங்கள். எந்த விதி வரும்போது எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள், எந்த விதி வரும்போது போனை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், பிற்பாடு எதை வைப்பது எதை விடுவது என்ற குழப்பம் வரும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும். உரிமம் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணம், 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம்.

அப்புறம் ஒவ்வொரு விதியாக எடுத்து, மேசையில் இது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். அந்த வேலை கேமிலும் நடக்க வேண்டும், விதியின் வாசகம் மாறினால் பரவாயில்லை. 1998இல் வந்த பால்டர்ஸ் கேட் என்ற வீடியோ கேம், மேசையில் ஒரு நிமிடமாக இருந்த ரவுண்டை, அதாவது சண்டையின் ஒரு சுற்றை, ஆறு விநாடியாக்கி, சண்டையை நிற்காமல் ஓடவிட்டு, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளும் வசதியையும் கொடுத்தது. புத்தகப்படி பார்த்தால் பெரிய மீறல், ஆனால் ஆறு பேர் கொண்ட கூட்டத்தை யோசித்து நகர்த்தும் சுகம் அப்படியே இருந்தது.

கணினிதான் கணக்குப் போடுகிறதே என்று விதிகளைச் சிக்கலாக்காதீர்கள். அட்வான்டேஜ் என்றால் இருபது பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது, அவ்வளவுதான். 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75 ஆகிறது. அதை எடுத்துவிட்டுப் பத்துச் சின்னச் சின்னக் கூட்டல் கழித்தல்களைப் போட்டால் கணினிக்குச் சிரமமில்லை, ஆடுபவர்தான் திட்டம் போட முடியாமல் திணறுவார்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது ரியாக்‌ஷன், அதாவது எதிராளியின் முறையில் நாம் குறுக்கிடும் விதி. உங்கள் மந்திரவாதியின் ஆர்மர் கிளாஸ் (அடி விழ எதிராளி எட்ட வேண்டிய எண்) 15, கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் தாக்குதலுக்கு விழுந்த மொத்த எண் 17 என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் ஷீல்டு மந்திரம் போட்டால் 15 இருபதாகிறது, அடி தவறுகிறது. ஆனால் ஒரு மந்திர ஸ்லாட், அதாவது கைவசம் இருக்கும் மந்திர வாய்ப்புகளில் ஒன்று, போய்விடும், அடுத்து வரும் ஓகர் என்ற பெரிய அரக்கனை என்ன செய்வது? இந்தத் தவிப்புதான் ஆட்டம். கணினியே தானாகப் போட்டுவிட்டால் அது காணாமல் போகிறது. 2021இல் வந்த சோலாஸ்டா என்ற கேம் இந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, போடவா வேண்டாமா என்று கேட்கிறது. வேகம் கொஞ்சம் குறையும்தான், குறையட்டும்.

மேசையில் கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டரின் தீர்ப்பை நம்பி நிற்கும் விதிகளைத் தயங்காமல் வெட்டுங்கள். பால்டர்ஸ் கேட் 3, கதாபாத்திரங்களின் வளர்ச்சியைப் பன்னிரண்டாம் லெவலோடு நிறுத்திவிடுகிறது. பதின்மூன்றில் வரும் ஏழாம் நிலை மந்திரங்களில் வேறு உலகத்துக்கே தாவ முடியும், மேசையில் அதை ஒரு மனிதர் வாயாலேயே சமாளித்துவிடுவார், கேமில் அந்த உலகத்தை யாராவது கட்டி வைத்திருக்க வேண்டும். அதே கேம், ஆளைத் தள்ளிவிடுவதை ஒரு தாக்குதலின் இடத்திலிருந்து, நம் முறையில் கூடுதலாகச் செய்யும் சின்ன வேலையான போனஸ் ஆக்‌ஷனுக்கு மாற்றியது. மாடியும் பாறை விளிம்புமாக வரைபடம் இருக்கும்போது அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

பகடையை மட்டும் ரகசியமாகத் திருத்தாதீர்கள். 65 சதவீத வாய்ப்புள்ள அடி தொடர்ந்து மூன்று முறை தவறுவது நூற்றுக்கு நாலு தடவை நடக்கும், நடந்தால் ஆடுபவருக்குக் கோபம் வரும். உருட்டிய எண்ணையும் கூட்டலையும் திரையில் காட்டுங்கள், தோல்விக்கும் ஒரு பாதை எழுதுங்கள். டிஸ்கோ எலிசியம் என்ற கேமில் பகடை தவறினாலும் கதை நகர்கிறது, சில இடங்களில் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் சுவாரசியம். தோற்றால் பழைய சேவ் ஃபைலுக்கு ஓடுவதைத் தவிர வழியில்லை என்று வைத்துவிட்டால் பகடை எதற்கு?

கடைசியாக, மேசையில் ஆடிப் பழகிய ஒருவரையும் பகடையே தொடாத ஒருவரையும் ஒரே சண்டையை ஆடச் சொல்லிப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். முதலாமவர் “ரூல் இப்படி இல்லையே” என்பார், இரண்டாமவர் “இப்போ என்ன ஆச்சு?” என்பார். இரண்டாமவர் கேட்ட இடங்களை முதலில் சரிசெய்யுங்கள்.