பழைய ரேஞ்ச்ஃபைண்டருக்கு வேகமான 50 மி.மீ. லென்ஸ்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டில் விடியும் முன்பே தொடங்கிவிடும் மீன் ஏலத்தை ஃபிலிமில் எடுக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது எஃப்/1.4 அல்லது எஃப்/1.5 லென்ஸ். கையில் காசு இருந்தால் எஃப்/1.2. (இந்த எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும், வெளிச்சம் அதிகம் வரும்.) அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. நீங்கள் வாங்கும் லென்ஸ் உங்கள் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரோடு (வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்று சேர்த்து ஃபோகஸ் செய்யும் அமைப்பு) ஒத்துப்போக வேண்டும், கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக உள்ள எஃப்/2 லென்ஸ், சரியில்லாத எஃப்/1.2-ஐவிட இருட்டில் நல்ல படம் தரும்.

கணக்கைப் பாருங்கள். ஏலம் நடக்கும் இடத்து விளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப்/2-இல் 1/60 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்/1.4 போட்டால் 1/125. கூடுதலாகக் கிடைத்தது ஒரே ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். எஃப்/1.5 என்றால் அந்த ஒரு ஸ்டாப்பும் முழுதாக இல்லை. எஃப்/1.4-இலிருந்து எஃப்/1.2-க்குத் தாவினால் அரை ஸ்டாப்கூடத் தேறாது. அதே ஃபிலிமை 800 என்று வைத்து எடுத்து, டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டினாலும் ஏறக்குறைய அந்த ஒரு ஸ்டாப் கைக்கு வந்துவிடும். நிழலில் கொஞ்சம் விவரம் போகும், கிரெய்ன் கூடும். இதற்கு எதிர்ப்பக்கம், 1 மீட்டர் தூரத்தில் எஃப்/1.5-இல் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3.4 செ.மீ. மட்டுமே. கூடையைக் குனிந்து பார்க்கும் அம்மாவின் மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும்.

திருகு ஏறினால் பொருந்திவிட்டது என்று நினைப்பது

39 மி.மீ. திருகு உள்ள லென்ஸ் எல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் இல்லை. பழைய ஸெனிட் எஸ்எல்ஆர் கேமராக்களுக்கும் இதே எம்39 திருகுதான். ரேஞ்ச்ஃபைண்டரில் மவுன்டுக்கும் (லென்ஸ் பொருந்தும் வாய்) ஃபிலிமுக்கும் இடைவெளி 28.8 மி.மீ.; ஸெனிட்டில் 45.2 மி.மீ. ஸெனிட்டுக்குச் செய்த லென்ஸ் ஃபெட், ஸோர்க்கி போன்ற சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் பாடியில் அழகாக ஏறி உட்காரும். படம் ஒன்றும் ஃபோகஸ் ஆகாது. லென்ஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஃபோகஸ் ரிங்கைச் சுற்றும்போது உள்ளும் வெளியும் நகரும் உலோக வளையம் இருக்க வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் உருளையையோ நாக்கையோ தள்ளி, ரேஞ்ச்ஃபைண்டரை நகர்த்துவது அந்த வளையம்தான். அது இல்லாத லென்ஸை வைத்துவிட்டு நகருங்கள்.

திருகு லென்ஸை லைக்கா எம் பாடியில் மாட்ட அடாப்டர் போடுபவர்கள் 50 மி.மீ. ஃபிரேம் கோடு எழும்பும் அடாப்டரைக் கேட்டு வாங்க வேண்டும். 28/90, 35/135 என்று வேறு இரண்டு வகையும் உண்டு. அடாப்டரின் தடிப்பு சரியாக 1 மி.மீ. இருக்க வேண்டும். மலிவான அடாப்டரில் நூறில் சில பங்கு மி.மீ. பிசகினாலும் எஃப்/1.5-இல் அது படத்தில் தெரியும்.

கியெவ், காண்டாக்ஸ் கேமராக்களின் பயோனெட் (திருகாமல், செருகிச் சற்றுத் திருப்பிப் பூட்டும்) லென்ஸ்களை நிக்கான் எஸ் வரிசையில் மாட்டுவதிலும் இதே ஏமாற்றம். மவுன்ட் உள்ளே போகும், ஆனால் 50 மி.மீ.-க்கு ஃபோகஸ் நகரும் அளவு இரண்டிலும் ஒன்றல்ல. எஃப்/8-இல் தெரியாது. முழுதாகத் திறந்தால் தெரியும்.

மிரர்லெஸ்ஸில் எடுத்த மாதிரிப் படத்தை நம்புவது

அதிகம் பேர் விழும் குழி இதுதான். விற்பவர் டிஜிட்டல் மிரர்லெஸ் கேமராவில் அந்த லென்ஸை மாட்டி எடுத்த படத்தைக் காட்டுவார். கண் இமை முடி தனித்தனியாகத் தெரியும். அது கண்ணாடிக்கான சான்று மட்டுமே. மிரர்லெஸ்ஸில் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்கிறோம், ரேஞ்ச்ஃபைண்டர் வளையம் அங்கே வேலையே செய்வதில்லை. உங்கள் கேமராவில் இரண்டு பிம்பமும் ஒன்று சேரும் இடமும் ஃபிலிமில் கூர்மை விழும் இடமும் ஒன்றுதானா என்பதை அந்தப் படம் சொல்லாது.

ஜூப்பிட்டர்-3 (50 மி.மீ., எஃப்/1.5) நல்ல உதாரணம். லுட்விக் பெர்டெலே 1930-களில் ஸைஸுக்காக வடிவமைத்த ஸோனார் வழியில் வந்த சோவியத் லென்ஸ். லைக்கா பாடி எதிர்பார்க்கும் உண்மையான குவியத் தூரம் 51.6 மி.மீ.; ஜூப்பிட்டர் பின்பற்றுவது சுமார் 52.4. முடிவிலியில் சரியாக நிற்கும்படி வைத்தால், 1 மீட்டருக்கு வரும்போது லென்ஸ் போதுமான அளவு முன்னே வராது. கூர்மை 3 செ.மீ. அளவுக்குப் பின்னால் விழும். மேலே சொன்ன 3.4 செ.மீ. ஆழத்தை ஏறக்குறைய முழுதாக விழுங்கும் பிழை அது. ஷிம்மின் (லென்ஸின் இருப்பைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் மெல்லிய வளையம்) தடிப்பை மாற்றிக் கிட்டத் தூரத்துக்குச் சரிசெய்யலாம். அப்போது முழுத் திறப்பில் முடிவிலி கொஞ்சம் விட்டுப்போகும். முன்பு திறந்தவர் ஷிம்மைத் தொலைத்துவிட்டு மூடிய லென்ஸ்களும் சந்தையில் சுற்றுகின்றன.

ஸோனார் வகைக்கே உள்ள இன்னொரு குணம் ஃபோகஸ் நகர்வு. எஃப்/1.5-இல் சரியாக நிற்கும் ஃபோகஸ், எஃப்/2.8-க்கு மூடும்போது பின்னால் தள்ளிப்போகும். இது பழுதல்ல, வடிவமைப்பின் விளைவு. எந்தத் திறப்பில் அதிகம் எடுப்பீர்கள் என்று முடிவு செய்து, அந்தத் திறப்புக்கு லென்ஸைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் கேனன் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற இரட்டை காஸ் (டபுள் காஸ் என்ற வேறொரு வடிவமைப்பு) வகையைப் பாருங்கள். வேகமும் நம்பிக்கையும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்லும் லென்ஸ் அது.

சோதிக்கும் முறை

முதலில் பாடியைச் சோதியுங்கள். எண்ணூர்க் கடற்கரையில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். காசிமேட்டில் என்றால் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள். ஓரிரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செங்குத்துக் கோடு எதுவானாலும் சரி. லென்ஸை முடிவிலியில் வைக்கும்போது இரண்டு பிம்பமும் ஒன்றாக வேண்டும். ஆகவில்லை என்றால் லென்ஸைக் குறை சொல்லும் முன் ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது லென்ஸ். பின்மூடி திறக்கும் கேமரா (ஃபெட்-2, ஸோர்க்கி-4, கேனன் பி) என்றால் ஃபிலிம் வீணாக்கத் தேவையில்லை. 35 மி.மீ.-க்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில் வெட்டிய தேய்த்த கண்ணாடித் துண்டை, சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி, உள்பக்கத் தண்டவாளங்கள் மேல் வையுங்கள். வெளித் தண்டவாளத்தில் வைத்தால் அளவே தப்பு. ட்ரைபாடில் நிறுத்தி, ஷட்டரை ‘பி’-யில் வைத்து, கேபிள் ரிலீஸால் திறந்து பூட்டுங்கள். 1 மீட்டர் தூரத்தில் ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வைத்து, நடுக்கோட்டில் ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு பிம்பத்தையும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு 8 அல்லது 10 மடங்கு லூப்பால் (உருப்பெருக்கி) கண்ணாடியில் எந்தக் கோடு கூர்மை என்று பாருங்கள். இதையே முழுத் திறப்பில் ஒரு தடவை, எஃப்/2.8-இல் ஒரு தடவை, பிறகு 3 மீட்டரிலும் செய்யுங்கள். அடிப்பக்கம் வழியாக ஃபிலிம் ஏற்றும் பழைய திருகு லைக்காவில் பின்மூடி திறக்காது. ஒரு ரோல் செலவழித்துத்தான் ஆக வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டரின் அடித்தூரமும் (அதன் இரண்டு ஜன்னல்களுக்கு இடைப்பட்ட தூரம்) கணக்கில் உண்டு. 50 மி.மீ. எஃப்/1.4-க்குத் தேவையான பயன் அடித்தூரம் (அடித்தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கியது) கணக்குப்படி சுமார் 18 மி.மீ. லைக்கா எம்3-இல் 62 மி.மீ. இருக்கிறது, கவலையே இல்லை. லைக்கா சிஎல்லில் 19-க்குக் கொஞ்சம் குறைவு. தேய்மானத்துக்கு இடமே இல்லை. அதற்கு எஃப்/2 போதும்.

கண்ணாடியை மேலிருந்து மட்டும் பார்ப்பது

கடை வெளிச்சத்தில் எல்லா லென்ஸும் பளிச்சென்றுதான் இருக்கும். திறப்பை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து மொபைல் டார்ச் அடித்து, முன்னாலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். தூசு தெரியும், பழைய லென்ஸில் அது சகஜம். பார்க்க வேண்டியவை வேறு. சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. மொத்தமாகப் பால் படிந்த மாதிரி இருந்தால் மங்கல். இந்த மங்கல்தான் இரவுப் படத்தின் எதிரி: பல்பைச் சுற்றி ஒளிவட்டம் விழும், கறுப்பு சாம்பலாகும். கேனன் 50 மி.மீ. எஃப்/1.8, எஃப்/1.2 இரண்டிலும் அப்பர்ச்சருக்கு அருகே உள்ள கண்ணாடியில் இது அடிக்கடி வரும். லைக்காவின் சம்மரிட் எஃப்/1.5-இலும் உண்டு. சீக்கிரம் சுத்தம் செய்தால் போகலாம். நாள்பட்டுக் கண்ணாடியை அரித்துவிட்டால் எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது.

அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் இருந்தால் பலர் பொருட்படுத்துவதில்லை, ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸில் தகடு சட்டென்று மூட வேண்டியதில்லையே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த எண்ணெய் ஆவியாகிப் பக்கத்துக் கண்ணாடியில் படிந்துதான் மங்கலாகிறது. மே மாத வெயிலில் பழைய கிரீஸ் இளகும் ஊரில் இதை விட்டுவைக்கக் கூடாது.

வாங்கிய பின் செய்யும் தவறுகள்

பட்டப்பகலில் எஃப்/1.4-இல் எடுக்கலாம் என்று நம்ப வேண்டாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு 1/1000-இல் எஃப்/5.6 வரும். எஃப்/1.4-க்கு, வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி16 ஃபில்டர் வேண்டும். 1/500 வரை மட்டுமே போகும் ஃபெட்-2-இல் என்டி32. ஃபில்டர் அளவையும் முன்பே விசாரியுங்கள்: ஜூப்பிட்டர்-3, ஜூப்பிட்டர்-8 இரண்டும் 40.5 மி.மீ., சம்மரிட் 41, கேனன் எஃப்/1.4 48. சுலபமாகக் கிடைக்காத அளவுக்கு ஸ்டெப்-அப் ரிங் (பெரிய ஃபில்டரைப் பொருத்தும் வளையம்) போடலாம், ஆனால் அது வியூஃபைண்டரின் கீழ் மூலையை மறைக்கும்.

கடற்கரை ஈரமும் உப்புக் காற்றும் உள்ள ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் லென்ஸைத் தோல் உறையில் வைத்துப் பீரோவில் பூட்டினால், ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் பூஞ்சை பிடிக்கலாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருங்கள். அரிசியில் புதைப்பது வேண்டாம், மாவு உள்ளே போகும்.

கடைசியாக, ஷட்டர் திரை. எஸ்எல்ஆரில் உள்ளதுபோல் ஷட்டரை மறைக்கும் மிரர் ரேஞ்ச்ஃபைண்டரில் கிடையாது. லென்ஸ் நேராக ஷட்டர் திரையைப் பார்க்கிறது. கடலிலிருந்து சூரியன் எழும் நேரத்தில் எஃப்/1.4, முடிவிலி என்று வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டால், துணித் திரையில் ஊசித்துளை விழ அதிக நேரம் ஆகாது. கேனன் பி-யின் உலோகத் திரைக்கு இந்த ஆபத்து குறைவு. மூடி போட்டால் பாதுகாப்பு, ஆனால் வியூஃபைண்டரில் மூடி தெரியாததால் முழு ரோலையும் மூடியோடே எடுத்துவிடுவது சகஜம். நடக்கும்போது திறப்பை எஃப்/16-க்கும் ஃபோகஸை மிகக் கிட்டத் தூரத்துக்கும் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். சூரியனின் பிம்பம் திரையில் குவியாது.