இங்கிலாந்து மூதாதையரைத் தேட திருமண லைசன்ஸ் பத்திரங்கள்: எங்கே தொடங்குவது?

1837 ஜூலை 1-க்கு முன்பு இங்கிலாந்தில் அரசுத் திருமணப் பதிவு கிடையாது. சர்ச் பதிவேடுதான் கதி. அதிலும் மணமக்களின் தகப்பன் பெயர் பெரும்பாலும் இருக்காது. அங்கே கைகொடுப்பவை லைசன்ஸ் பத்திரங்கள், அதாவது திருமண அனுமதி வாங்க எழுதிக்கொடுத்த ஆவணங்கள். பதிவேட்டில் பெயர் கிடைத்ததும் பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

அன்று திருமணத்துக்கு இரண்டு வழிகள். மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து மணம் முடிக்கலாம். இல்லையென்றால் பிஷப்பின் அலுவலகத்தில் கட்டணம் கட்டி லைசன்ஸ் வாங்கலாம். அவசரம், அந்தஸ்து, ஊர்வாய்க்குப் பயம் என்று லைசன்ஸ் வாங்கப் பல காரணங்கள்.

படி 1: பதிவேடு. 1754 மார்ச் 25-இல் ஹார்ட்விக் சட்டம் என்ற திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய பதிவுகளில் ஓலையா லைசன்ஸா என்று எழுதியிருப்பார்கள். அதற்கு முன்பு குறிப்பு இல்லாவிட்டாலும் தேடிப் பார்க்கலாம்.

படி 2: எந்த அலுவலகம்? வழக்கமாக, மணமக்கள் வாழ்ந்த திருமண்டலத்தின் (ஒரு பிஷப்பின் ஆளுகைப் பகுதி) பிஷப் அலுவலகம். இருவரும் வெவ்வேறு திருமண்டலம் என்றால் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் அலுவலகங்களையும் பாருங்கள். அந்த ஆவணங்கள் லண்டன் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் உள்ளன. யார்க் பகுதிக்கு போர்த்விக் ஆவணக் காப்பகம். இன்றைய மாவட்ட எல்லையை வைத்துத் தேடினால் தவறிப்போகும். பெர்க்‌ஷயர் 1836 வரை சாலிஸ்பரி பிஷப்பின் கீழ்தான் இருந்தது. ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி ஆகிய மூதாதையர் தேடல் தளங்களில் இந்த ஆவணங்களின் பெயர் அட்டவணைகள் பல கிடைக்கும்.

படி 3: பத்திரத்தைப் படிப்பது. லைசன்ஸ் மணமக்கள் கைக்குப் போய், பாதிரியாரிடம் சேர்ந்துவிடும். அது மிஞ்சுவது அபூர்வம். அலுவலகத்தில் தங்கியவை இரண்டு. ஒன்று, அலிகேஷன் எனப்படும் சத்திய வாக்குமூலம்: பெயர், ஊர், வயது, முன்பு மணமானவரா, எந்த சர்ச் என்ற விவரங்கள். ‘21-க்கு மேல்’ என்று மட்டும் இருந்தால் அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடாதீர்கள். 50 வயதுக்காரருக்கும் அப்படி எழுதுவார்கள். 21 நிரம்பாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் இருக்கும், அதுதான் புதையல். விதவைத் தாய் சம்மதித்திருந்தால் தகப்பன் அதற்குள் இறந்துவிட்டார் என்பதும் தெரிந்துவிடும்.

மற்றொன்று பிணைப் பத்திரம்: திருமணத்துக்குத் தடை இல்லை என்று ஜாமீன் நின்று எழுதிக்கொடுத்தது. 1823 வரை உண்டு. 1733-க்கு முந்தையவற்றில் ஒரு பகுதி லத்தீனில் இருக்கும். அதிலுள்ள பெரிய தொகையைப் பார்த்துப் பணக்காரர் என்று நினைக்க வேண்டாம்; திருமணத்தில் தடை இருந்தது தெரிந்தால்தான் அதைக் கட்ட வேண்டும்.

ஜாமீன்தாரர் பெயர்களை விடவே கூடாது. ஷேக்ஸ்பியர், ஆன் ஹாத்வே திருமணத்தின் பதிவேட்டுக் குறிப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. 1582 நவம்பர் 28 தேதியிட்ட பிணைப் பத்திரம் வூஸ்டரில் இருக்கிறது. 40 பவுண்டுக்கு ஜாமீன் நின்ற ஃபல்க் சாண்டல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன் இருவரும் விவசாயிகள். ஆனின் தகப்பனார் உயிலிலும் அவர்கள் பெயர் வருகிறது. பெண் வீட்டை இப்படித்தான் பிடிக்க வேண்டும். முந்தைய நாள் அலுவலகப் பதிவில் மணமகள் ‘ஆன் வேட்லி’, ஊர் டெம்பிள் கிராஃப்டன்! குமாஸ்தாவின் பிழை என்பதே பலரின் முடிவு. ஆகவே எழுத்து மாறியிருந்தால் உடனே ஒதுக்காதீர்கள்.

படி 4: திருமணம் நடந்ததா? லைசன்ஸ் வாங்கியது அனுமதிக்குத்தான் சான்று. சிலர் வாங்கியும் மணக்கவில்லை. பத்திரத்தில் சொன்ன சர்ச்சின் பதிவேட்டில் அடுத்த சில நாட்களைப் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பங்குகளின் (சர்ச் வட்டாரங்களின்) பதிவேடுகள். அப்புறம், இணைய அட்டவணையோடு திருப்திப்படாமல் மூலப் பத்திரத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். ஜாமீன்தாரர், பெற்றோர் சம்மதம் ஆகியவற்றை அட்டவணைகள் பல நேரம் விட்டுவிடுகின்றன.