பால்மாத் தேத்தண்ணி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு கரண்டிக் கணக்கு

இலங்கையில் பால் தேத்தண்ணி என்றால் பெரும்பாலான வீடுகளில் பால்மாத் தேத்தண்ணிதான். அதைக் குடித்து அரை மணியிலோ இரண்டு மணி நேரத்திலோ வயிறு ஊதி, இரைந்து, வயிற்றோட்டமும் வருகிறதா? லக்ரோஸ் ஒவ்வாமல் இருக்கலாம். எனக்கும் அதுதான். "பசும்பால்தான் சரிவராது, மா என்றால் ஒன்றும் செய்யாது" என்று வீட்டில் சொன்னதை நம்பி நான் பல வருடம் அவதிப்பட்டேன். பால்மா செய்யும்போது வற்றிப் போவது தண்ணீர்தான். பாலின் சர்க்கரையான லக்ரோஸ் அப்படியே மாவில் தங்கிவிடும்.

அதைச் செரிக்க வைப்பது சிறுகுடலில் சுரக்கும் லக்டேஸ் நொதியம். தாய்ப்பால் மறந்த பிறகு பலருக்கு இது குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். பொருமல் அதனால்தான்.

உங்கள் வயிறு எவ்வளவு பால்மாவைத் தாங்கும் என்று கரண்டிக் கணக்கில் கண்டுபிடிக்கும் முறையைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். தொடங்குமுன் ஒன்று. பால் பட்டதும் தோல் தடித்தால், முகம் வீங்கினால், மூச்சு முட்டினால் அது பால் புரத ஒவ்வாமை. அவர்களுக்கு இந்த முறை கூடவே கூடாது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் நேரே வைத்தியரிடம் போங்கள்.

படி 1. இரண்டு வாரம் பாலையும் பால்மாவையும் முற்றாக நிறுத்துங்கள். வயிறு எப்படி இருக்கிறது என்று தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள். வித்தியாசமே இல்லையென்றால் காரணம் வேறு.

படி 2. பக்கற்றைத் திருப்பி, 100 கிராமுக்கு எவ்வளவு காபோவைதரேற்று என்று பாருங்கள். சீனி சேர்க்காத வெறும் பால்மாவில் அது கிட்டத்தட்ட முழுவதும் லக்ரோஸ்தான். முழு ஆடைப் பால்மாவில் 38 கிராம் அளவில் இருக்கும். கொழுப்பு நீக்கியதில் 50 கிராமைத் தொடும்! "கொழுப்பில்லாதது வயிற்றுக்கு லேசு" என்று அதை வாங்குபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்காது.

படி 3. கரண்டியை நிறுங்கள். எல்லாப் பிழையும் நடப்பது இங்கேதான். என் தேக்கரண்டியில் தலை தட்டினால் 2.5 கிராம் மா, கோபுரமாக அள்ளினால் 5 கிராம். கையும் கரண்டியும் அதேதான், ஆனால் அளவு இரண்டு மடங்கு. கோபுரக் கரண்டி ஒன்றில் ஏறக்குறைய 2 கிராம் லக்ரோஸ். ஒரு தம்ளர் பாலுக்குக் கரைக்கும் 30 கிராம் மாவில் 11 கிராமுக்கு மேல். ஒவ்வாதவர்களிலும் பலர் ஒரே தடவையில் 12 கிராம் வரை, அதுவும் சாப்பாட்டோடு, தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் எல்லை மாறும்.

படி 4. தலை தட்டிய ஒரு கரண்டியில் தொடங்குங்கள். கோப்பையில் மாவைப் போட்டு, சூடான சாயத்தில் கொஞ்சம் விட்டுக் கட்டி படாமல் குழைத்து, பிறகு மிச்சத்தை ஊற்றுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், இடியப்பமோ பாணோ சாப்பிட்ட பிறகு குடியுங்கள். மூன்று நாள் தொந்தரவில்லையா, அரைக் கரண்டி கூட்டுங்கள். வயிறு இரையத் தொடங்கினால் முந்திய அளவுக்கு இறங்கி அங்கேயே நில்லுங்கள்.

படி 5. எல்லை மிகச் சிறியது என்றால் தயிராக்குங்கள். 150 கிராம் மாவை ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் கரைத்துக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி புளித்த தயிரை உறை ஊற்றுங்கள். எட்டு மணி நேரம் அசைக்காமல் மூடி வையுங்கள். தயிரை உறைய வைக்கும் பக்டீரியா லக்ரோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சத்தைச் செரிக்கவும் உதவும். எனக்குத் தேத்தண்ணியை விட இதுதான் சுகம்.

பிஸ்கற், சொக்லேற், பாலும் சீனியும் கலந்தே வரும் கோப்பித் தூள் இவற்றிலும் பால்மாவோ மோர்த்தூளோ ஒளிந்திருக்கும். அதையும் அன்றைய கணக்கில் சேருங்கள். பால் குறைகிற அளவுக்குக் கல்சியம் வேண்டுமே. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, குரக்கன், எள்ளு எல்லாவற்றிலும் இருக்கிறது. உறவினர் வீட்டுக்குப் போனால், அடுப்படிக்குள் கரண்டிச் சத்தம் கேட்குமுன்பே, "மாமி, எனக்குப் பிளேன்ரீ போதும்" என்று சொல்லிவிடுங்கள்.