36 டிரிபிள்: சாதனைப் பட்டியலைப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பேஸ்பாலில் பேட்டர் பந்தை அடித்துவிட்டு, வரிசையாக உள்ள பேஸ்களைத் தொட்டபடி ஓடுவார். ஒரே அடியில் மூன்றாம் பேஸ்வரை போனால் டிரிபிள், இரண்டாம் பேஸோடு நின்றால் டபுள். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே சீசனில் அதிக டிரிபிள் அடித்தவர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஓவன் வில்சன். 1912-ல் 36. ‘சீஃப்’ என்ற பட்டப்பெயரை வைத்து அவரை அமெரிக்கப் பூர்வகுடி என்று எழுதிவிடுகிறார்கள். அவர் டெக்சாஸ்காரர், அவ்வளவுதான். 1985-ல் கான்சாஸ் சிட்டி அணிக்காக 21 அடித்த வில்லி வில்சன் வேறு ஆள்.

கால் வேகம் இருந்தால் டிரிபிள் தானாக வரும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வில்சனின் 36-ல் 24 வந்தது சொந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில். அங்கே வேலி மிக ஆழமான இடத்தில் 462 அடி, ஏறக்குறைய 140 மீட்டர். ஃபீல்டர்களுக்கு நடுவே விழுந்த பந்து வேலிவரை உருளும். அதைத் துரத்திப் பிடித்து எறிவதற்குள் பேட்டர் 270 அடி ஓடி மூன்றாம் பேஸில் நிற்பார். அந்த ஆண்டு அவருடைய டபுள் வெறும் 19. வேறு எந்த சீசனிலும் அவர் 14 டிரிபிளைத் தாண்டவில்லை. 1886-ல் 31 அடித்த டேவ் ஓர் நூறு கிலோவைத் தாண்டிய கனத்த உடம்புக்காரர்!

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் தடுக்கி விழுவது கணக்கில். ஓவர்த்ரோ ரன் அங்கே பேட்டரின் கணக்கில் சேரும், இங்கே சேராது. டபுள் அடித்தவர் ஃபீல்டரின் தவறான எறிதலால் மூன்றாம் பேஸுக்குப் போனால் அது டபுள்தான், மீதி எரர், அதாவது ஃபீல்டரின் பிழை. முன்னால் ஓடுபவரை வீழ்த்தப் பந்தை ஹோமுக்கு (ஓடிச் சேர்ந்தால் ரன் கிடைக்கும் கடைசி பேஸ்) எறியும் சந்தில் மூன்றாம் பேஸுக்கு ஓடிவிட்டாலும் டபுள்தான். மூன்றாம் பேஸுக்குச் சறுக்கி, நிலைகொள்ளாமல் தாண்டிப்போய், திரும்பித் தொடுவதற்குள் டேக் செய்யப்பட்டால், அதாவது ஃபீல்டர் பந்தோடு அவரைத் தொட்டுவிட்டால்? அதுவும் டபுள், கூடவே அவுட். தரையில் குத்தி வேலியைத் தாண்டிய பந்துக்கு இரண்டு பேஸ்தான், ஆள் எவ்வளவு வேகமாக ஓடினாலும்.

காலத்தைக் கலக்காதீர்கள். பந்தெறிபவருக்கும் ஹோமுக்கும் இடையிலான தூரம் இன்றைய 60 அடி 6 அங்குலம் ஆனதே 1893-ல்தான். அந்தக் காலத்தில் அவுட்ஃபீல்டில் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்துவார்கள். கூட்டத்துக்குள் போன பந்துக்கு மூன்று பேஸ் என்று உள்ளூர் விதி வைத்ததும் உண்டு, மேஜர் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் 1903-ல் கூட. இன்று வேலிகள் கிட்டே வந்துவிட்டதால் அன்றைய டிரிபிள் பலவும் வேலியைத் தாண்டி, எல்லா பேஸும் கிடைக்கும் ஹோம்ரன் ஆகிவிடும். 1949-ல் டேல் மிட்செலும் 2007-ல் கர்டிஸ் கிராண்டர்சனும் 23 அடித்ததே பெரிய விஷயம்.

சீசன் சாதனையும் வாழ்நாள் சாதனையும் ஒன்றல்ல. வாழ்நாளில் முதலிடம் சாம் கிராஃபோர்டு, 309. அவருடைய சிறந்த சீசன் 1914, அதிலும் 26 தான்.

‘தொழில்முறை பேஸ்பால்’ என்று பொதுவாகச் சொன்னால் எந்த லீக் என்றும் சொல்ல வேண்டும். ஜப்பானில் சீசன் சாதனை 18, ஒசாகா டைகர்ஸின் (இன்றைய ஹன்ஷின் டைகர்ஸ்) மசயாசு கனேடா 1951-ல் அடித்தது.